பாதி வழி

தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள்
பாலத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.
அதற்கடியில், வறண்ட ஓடையின் மணலில்
வருஷத்துக்கு இரண்டு முறை
நாய்களைக் கைமாற்றிக்கொள்கிறோம்
நானும் வாரிக்கும்.
எனக்கு வடக்கிலிருந்து நானூறு கிலோமீட்டர்.
அவனுக்குத் தெற்கிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு.
அந்தப் பன்னிரண்டை
ஒவ்வொரு முறையும் சொல்லிக்காட்டுவான்.

ஊட்னடாட்டா தடம் ஒரு சாலையில்லை.
மடிப்பு மடிப்பாக
முந்நூறு மைல் துவைகல்.
எண்பதில் போனால் பல் தப்பும்,
நாற்பதில் போனால் ஒவ்வொன்றாய்க் கழலும்.
எதிரே வண்டி வந்தால்
ஸ்டியரிங்கில் கிடக்கும் கையிலிருந்து
ஒரு விரல் உயர்த்த வேண்டும், அதுதான் வணக்கம்.
காலையிலிருந்து நான் பார்த்தது
மூன்று விரல்கள்.

பின்சீட்டில் ஸ்பேனர்.
பதினான்கு வயசு, காது போய்விட்டது,
வண்டி வருவதை வயிற்றால் கேட்கும்.
பக்கத்தில் டிட்டோ, கெல்பி.
அசைகிற எதையும் மந்தையில் சேர்க்கத் துடிக்கும்:
ஈமுக்களை, சூறைக்காற்றை,
ஒருமுறை ஓய்விலிருந்த ஒரு போலீஸ்காரரை.

பண்ணை கேட்டில் சிவப்புப் பலகை,
டிங்கோக்களுக்கு விஷக்கறி போட்டிருக்கிறார்களாம்.
இறங்கி இரண்டுக்கும் வாய்க்கூடை மாட்டினேன்.
கடன் மறுத்த வங்கிக்காரியைப் பார்ப்பதுபோல
பார்த்தது ஸ்பேனர்.

வாரிக் முன்பே வந்து தீ மூட்டியிருந்தான்.
கிட்ஜி விறகு.
நனைந்தால் நாறும்,
பற்றிவிட்டால் விடியும்வரை தணல் போகாது.
இதை வைத்து எங்களைப் பற்றி
யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம்.
யாருமில்லை.

"டயர்?"
"ஒன்று போச்சு."
"தண்ணீர்?"
"நாற்பது லிட்டர் இருக்கு."
"அவள்?"
"போய்விட்டாள், வெல்டா. மார்ச்சிலேயே."
பீட்ரூட் டின்னைத் திறந்தான்.
ஆளுக்குப் பாதி.

தீக்கு அந்தப் பக்கம் அவன் படுக்கைச் சுருள்,
இந்தப் பக்கம் என்னுடையது.
தொலைவில் டிங்கோ ஊளையிட்டது.
கட்டிப்போட்ட டிட்டோ நடுங்கிக்கொண்டே உறுமியது.
ஸ்பேனருக்கு அது எதுவும் இல்லை.
என்னிடம் வந்து முகர்ந்தது, அவனிடம் போனது,
திரும்ப என்னிடம் வந்தது.
இரவு மந்தையில் தலை எண்ணுகிற
பழைய வேலை.
எத்தனை முறை எண்ணியதோ,
நான் தூங்கிவிட்டேன்.

காலையில் டிட்டோ
அவன் வண்டிக்குத் தாவிவிட்டது.
அதற்கு யார் ஓட்டினாலும் சரி, ஜன்னல் போதும்.
ஸ்பேனர் இரண்டு வண்டிக்கும் நடுவே
மணலில் உட்கார்ந்தது.
வாரிக் கூப்பிட்டான். நான் கூப்பிட்டேன்.
கேட்காதது எவ்வளவு சௌகரியம்.
பதினெட்டுக் கிலோதான்,
யாராவது ஒருவர் தூக்கி வைத்திருக்கலாம்.
கெட்டில் மூன்றாம் முறை கொதித்தது.

"உன் வண்டியில் போகலாம்," என்றான்,
"நாலு பேரும். தெற்கே,
அடுத்த மாட்டுக்கம்பி வரை."
"எதுக்கு?"
"பன்னிரண்டு கிலோமீட்டர்.
கணக்கு நேராகிவிடும்."
சிரிக்கவில்லை. எனக்குத்தான் வந்தது,
அடக்கிக்கொண்டேன்.

ரோடு ட்ரெயின் ஒன்று எதிரே வந்தது,
மூன்று பெட்டி மாடுகள்,
பின்னால் அரை மைல் சிவப்புப் புழுதி.
ஓட்டுநர் விரலை உயர்த்தினார்.
நானும் உயர்த்தினேன்.
சும்மா உட்கார்ந்திருந்தவனும்
முழங்காலிலிருந்து ஒன்று உயர்த்தினான்.

புழுதி அடங்கியபோது கம்பி வந்துவிட்டது.
சக்கரத்தின் கீழ் கடகடத்தது.
ஸ்பேனர் வயிற்றால் கேட்டு
தலையைத் தூக்கிப் பார்த்தது,
திரும்ப வைத்துக்கொண்டது.
நான் பிரேக்கைத் தொடவில்லை.
அவனும் எதுவும் கேட்கவில்லை.

பாலத்தடியில் அவன் வண்டி,
டிட்டோ குதித்திறங்கிய கதவு
திறந்தது திறந்தபடி,
முகப்பின்மேல் பீட்ரூட் டின்,
ஈக்களுக்கு.